மைன்கிராஃப்டில் செய்ய முடியாத சட்டை

வானொலியில் பேசுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. இரண்டு பாடல்களுக்கு நடுவே நாற்பது விநாடி கிடைத்தால் போதும், எதையாவது சொல்லி நேயர்களைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று வாய் துடிக்கும். போன வருடம் ஒரு காலை நிகழ்ச்சியில் எனக்கும் அப்படித்தான் துடித்தது. "ராத்திரி முழுக்க கேம் விளையாடுற பிள்ளைங்க காலையில கண்ணு முழிச்சதே பெரிய சாதனை. யாராவது அவங்களுக்கு ஒரு விருது கொடுங்கப்பா!" என்றேன். வாட்ஸ்அப்பில் சிரிப்புப் பொம்மைகள் வந்து குவிந்தன. நானும் சிரித்துக்கொண்டே அடுத்த பாடலைப் போட்டுவிட்டேன்.

புக்கிட் ரோத்தானில் என் அக்காள் வீட்டுச் சமையலறையிலும் அன்று வானொலி ஓடிக்கொண்டிருந்தது. அக்காள் சும்மா இருக்கவில்லை. மகனின் அறைக் கதவைத் தட்டி, "கேட்டியா? உன்னைப் பத்தித்தான் சித்தி ரேடியோவுல சொல்றா" என்று ஒலியைக் கூட்டி வைத்திருக்கிறாள். எஸ்.பி.எம். முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல், வாரத்தில் நான்கு நாள் ஒரு கடையில் பொருள் அடுக்கிக்கொண்டிருந்த பையன் அவன். வயது 19. அன்று முதல் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான். நான் அனுப்பிய குறுஞ்செய்திகளுக்கு நீல நிறக் குறி மட்டும் விழும். பதில் வராது.

தீபாவளிக்குப் போனபோதுதான் விஷயம் வேறு மாதிரி என்று தெரிந்தது. சமையலறைக்குத் தண்ணீர் குடிக்கப் போனவள் காலில் ஏதோ குத்தியது. குனிந்து எடுத்தேன். மோதிரத்தைவிடச் சின்னதாக ஒரு கம்பி வளையம். துருப்பிடித்து, முனை இரண்டும் சேராமல் இருந்தது. "இது என்னாது?" என்று கேட்டேன்.

"அதையேன் கேக்குற? வீடு பூரா அதான் கெடக்கு. உன் மகன் சட்டை தைக்கிறானாம்" என்றாள் அக்காள். எனக்குப் பிடிக்காத காரியத்தை அவன் செய்தால் அவன் என் மகன் ஆகிவிடுவான். நல்லது செய்தால் அவள் மகன்.

மங்குக் கம்பியில் ஆரம்பித்த கதை

வீட்டின் பின்பக்கம், அப்பாவின் பழைய சாமான்கள் அடுக்கியிருக்கும் கொட்டகையில் அவன் உட்கார்ந்திருந்தான். முன்னால் ஒரு மைலோ டின். அது நிறைய வளையங்கள். மடியில் கைக்குட்டை அளவுக்கு ஒரு கம்பி வலை. தூக்கிப் பிடித்தால் துணி போலத் தொங்கியது. கையை அடியில் கொடுத்தால் தண்ணீர் போல விரலுக்கு மேல் வழிந்தது.

சரித்திரப் படங்களில் குதிரை வீரர்கள் போட்டிருப்பார்களே, அந்தச் சங்கிலிச் சட்டைதான். ஆங்கிலத்தில் செயின்மெயில் என்பார்கள். மலாய் மொழியில் அழகாகப் பாஜு ரந்தாய் என்று ஒரு பெயர் உண்டு. சங்கிலியால் ஆன சட்டை.

"இது எதுக்குடா?" என்று கேட்டேன். பல மாதங்களுக்குப் பிறகு நான் அவனிடம் நேரில் கேட்ட முதல் கேள்வி அது. கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு தலையைத் தூக்காமலே சொன்னான்: "மைன்கிராஃப்ட்ல இத செய்ய முடியாது சித்தி."

மைன்கிராஃப்ட் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2011இல் முழுமையாக வெளிவந்த கணினி விளையாட்டு அது. எல்லாமே சதுரக் கட்டிகளால் ஆன உலகம். மரத்தை வெட்டலாம், கல்லை உடைக்கலாம், கிடைத்ததை வைத்து வேண்டியதைச் செய்துகொள்ளலாம். தோல் கவசம், இரும்புக் கவசம், தங்கக் கவசம், வைரக் கவசம் எல்லாவற்றையும் அதில் நாமே செய்யலாம். சங்கிலிக் கவசத்தை மட்டும் செய்ய முடியாது. எங்காவது பெட்டியில் கிடைக்க வேண்டும், கிராமத்துக் கவசக்காரனிடம் பண்டமாற்று செய்ய வேண்டும், அல்லது அதைப் போட்டுக்கொண்டு வரும் பூதத்தை வீழ்த்தி எடுக்க வேண்டும்.

"எல்லாத்தையும் செய்ய விடுறான், இத மட்டும் ஏன் விடல? அப்படி என்னா கஷ்டம்னு பாத்தேன்."

அவன் பார்த்த கம்பி எங்கள் அப்பாவுடையது. அப்பா பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர். அந்த ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிப் பல வருடம் ஆகியும் எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. பால்மரத்தில் மங்கைத் தாங்கிப் பிடிக்க மரத்தைச் சுற்றி ஒரு கம்பி கட்டுவார்கள். மரம் பருக்கப் பருக்க விரிந்து கொடுக்க வேண்டும் என்பதற்காக அந்தக் கம்பியில் ஒரு சுருள் இருக்கும். தோட்டத்தில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தபோது, வீணாகப் போகிறதே என்று அப்பா ஒரு கட்டு மங்குக் கம்பியை வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டார். லயத்திலிருந்து தாமானுக்குக் குடிமாறியபோதும் அந்தக் கட்டு கூடவே வந்தது. இருபது வருடங்களுக்கு மேல் யாரும் தொடவில்லை. என் அக்காள் மகன் அந்தச் சுருளை எடுத்து வெட்டிப் பார்த்திருக்கிறான். ஒரு சுருளை நீளவாக்கில் வெட்டினால் சுற்று ஒவ்வொன்றும் ஒரு வளையம் அல்லவா? சங்கிலிச் சட்டையின் முதல் பாடம் அதுதான். யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவனுக்கு அது வாய்த்திருக்கிறது.

"அந்தக் கம்பி ரொம்ப முரடு. வளையவே மாட்டேங்குது. பிளையரை விட்டா திரும்பவும் விரிஞ்சிக்குது" என்றான். பிறகு இரும்புக் கடையில் துத்தநாகப் பூச்சுள்ள கம்பி ஒரு கிலோ வாங்கி வந்திருக்கிறான். தன் சம்பளத்தில்.

ஒரு வளையம், நான்கு அண்டை வீடுகள்

அன்று மாலை என்னையும் கொட்டகையில் உட்கார வைத்துக்கொண்டான். பேசப் பிடிக்காதவன் என்று நான் நினைத்த பையன், இந்த விஷயத்தில் வாய் ஓயாமல் பேசினான். கேட்டதை எழுதுகிறேன். வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்குப் பயன்படும்.

கம்பியின் தடிமன் 1.6 மி.மீ. அதைச் சுற்றும் இரும்புக் கோலின் தடிமன் 8 மி.மீ. இந்த இரண்டு எண்ணும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். வளையத்தின் உள்வாயைக் கம்பியின் தடிமனால் வகுத்தால் 5 வருகிறது. இந்த விகிதம் 3க்குக் கீழே போனால் வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழைய இடமில்லாமல் நெருக்கியடிக்கும். 6, 7 என்று ஏறினால் வலை தொளதொளவென்று கொசுவலை மாதிரி ஆகிவிடும். பழகுகிறவர்களுக்கு 4இலிருந்து 5 வரை நல்லது.

கோலில் கம்பியை இடைவெளி விடாமல் நெருக்கிச் சுற்றி, கழற்றி, வெட்டும் குறடால் ஒவ்வொரு சுற்றாக வெட்ட வேண்டும். பிளையர் இரண்டு வேண்டும், கைக்கு ஒன்று. வளையத்தைத் திறக்கும்போது இரண்டு முனையையும் பக்கவாட்டில் இழுத்துப் பிரிக்கக் கூடாது. இழுத்தால் வட்டம் கெட்டுவிடும், பிறகு எத்தனை அமுக்கினாலும் வட்டம் ஆகாது. கதவைத் திறப்பது போல ஒரு முனையை முன்னால் தள்ளி, இன்னொன்றைப் பின்னால் இழுக்க வேண்டும். மூடும்போதும் அதே வழி.

பிறகு கோப்பது. மூடிய வளையங்கள் நான்கை எடுத்து, திறந்த வளையம் ஒன்றில் மாட்டி, அதையும் மூடிவிட வேண்டும். தரையில் பரப்பி, நான்கில் இரண்டை மேலேயும் இரண்டைக் கீழேயும் விரித்தால் ஒரு துண்டு தயார். இப்படிப் பல துண்டுகள் செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். வலை வளர்ந்த பிறகு பார்த்தால் நடுவில் உள்ள ஒவ்வொரு வளையமும் நான்கு வளையங்களைப் பிடித்துக்கொண்டிருக்கும். இதற்கு ஐரோப்பிய 'நாலுக்கு ஒன்று' என்று பெயர். "லயத்து வீடு மாதிரி சித்தி. முன்னாடி ரெண்டு, பின்னாடி ரெண்டு" என்றான். லயத்தில் அவன் வாழ்ந்ததே இல்லை. தாத்தா சொல்லிக் கேட்டதுதான்.

நான் செய்த முதல் வளையம் கோணலாக வந்தது. பத்தாவது, நேராக வந்தது போல எனக்குத் தோன்றியது. நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பா கையை நீட்டி வாங்கினார். ஓரத்தில் விரலை ஓட்டினார். "வாய் சேரல" என்றார்.

வளையத்தின் இரு முனையும் சந்திக்கும் இடத்துக்கு எங்கள் வீட்டில் வாய் என்று பெயர் விழுந்தது அப்படித்தான். வாய் சேராத வளையம் தனியாக இருக்கும்போது ஒன்றும் தெரியாது. வலையில் கோத்த பிறகு, அந்த இடுக்கு வழியாகப் பக்கத்து வளையம் நழுவி வெளியே வந்துவிடும். அங்கே ஓர் ஓட்டை விழும். அப்பா என்னைப் பார்த்துச் சொன்னார்: "இவ வாயும் அப்படித்தான்." அக்காள் மகன் அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சிரித்தான்.

55 விநாடியும் 111 மணி நேரமும்

எனக்கும் இந்தச் சட்டை பழக்கமானதுதான் என்று அப்போது ஞாபகம் வந்தது. நான் பள்ளியில் படித்த காலத்தில் கோலசிலாங்கூர் சைபர் கஃபே ஒன்றில் அண்ணன்மார்களோடு போய் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 விளையாடியிருக்கிறேன். 1999இல் வந்த விளையாட்டு. அதில் கொல்லன் பட்டறையில் காலாட்படைக்குச் சங்கிலிக் கவசம் வாங்கலாம். விலை 200 உணவு, 100 தங்கம். பொத்தானை அமுக்கிவிட்டு 55 விநாடி காத்திருந்தால் போதும். படையில் உள்ள அத்தனை பேருக்கும் கவசம் வந்துவிடும்.

இவன் எழுதி வைத்திருந்த கணக்கைக் காட்டினான். ஒரு கிலோ கம்பியில் ஏறத்தாழ 2,000 வளையம் வரும். பெரியவர் ஒருவர் போடும் சட்டைக்கு, இந்த அளவு வளையத்தில் சுமார் 20,000 வேண்டும். அதாவது 10 கிலோ. நிமிடத்துக்கு மூன்று வளையம் கோத்தால் 111 மணி நேரம். கம்பி சுற்றவும் வெட்டவும் ஆகும் நேரம் இதில் சேராது.

"கேம்ல ஒருத்தன் கவசத்தோட வந்தா இப்ப வேற மாதிரி தெரியுது. யாரோ ஒருத்தன் ஒக்காந்து கோத்திருக்கான்ல?" என்றான். ஊடகத் துறையில் பட்டம் வாங்க மூன்று வருடம் படித்தவள் நான். இந்தக் கேள்வி எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

அந்த யாரோ ஒருத்தர் எங்கெங்கே இருந்தார்கள் என்று தேடிப் பார்த்தேன். இந்த வித்தையை ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முன்பு ஐரோப்பாவில் கெல்ட் மக்கள் தொடங்கினார்கள் என்பதே பொதுவான கருத்து. அவர்களிடமிருந்து ரோமானியர்கள் கற்றுக்கொண்டார்கள். போரில் போட்ட சட்டைகளில் பெரும்பாலும் வாய் சும்மா சேர்ந்திருக்காது. முனைகளைத் தட்டையாக அடித்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஓட்டை போட்டு, சின்ன ஆணி அறைந்து மூடியிருப்பார்கள். அத்தனை ஆயிரம் வளையங்களுக்கும்! நாங்கள் செய்வது வாயை மட்டும் சேர்க்கும் எளிய முறை. அழகுக்கு ஆகும், ஈட்டிக்கு ஆகாது.

இந்தியாவிலும் இந்தக் கலை செழித்திருக்கிறது. வளையத்தின் நடுவில் குறுக்காக ஒரு கம்பி ஓடும்படி செய்த வளையங்கள் இந்தியச் சட்டைகளில் உண்டு. இன்னொரு வகைதான் இவனைத் துள்ளிக் குதிக்க வைத்தது. இரும்பு வளையங்களுக்கு இடையே பித்தளை, செம்பு வளையங்களைக் கணக்காகக் கோத்து, சட்டை முழுக்கச் சாய்சதுரக் கோலம் வரும்படி செய்திருக்கிறார்கள். "இது பிக்சல் ஆர்ட் சித்தி! கம்ப்யூட்டரே இல்லாத காலத்துல!" என்றான். மார்கழிக் கோலத்துக்குப் புள்ளி வைத்த பாட்டிகளும் அதைத்தானே செய்தார்கள் என்று அப்பா பக்கத்திலிருந்து கேட்டார்.

யானைக்குக்கூட இப்படிச் சட்டை இருந்திருக்கிறது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் உள்ள அரச ஆயுத அருங்காட்சியகத்தில் ஒரு யானைக் கவசம் இருக்கிறது. ஆயிரக்கணக்கான இரும்புத் தகடுகளைச் சங்கிலி வளையங்களால் பிணைத்துச் செய்தது. சில பகுதிகள் தொலைந்த பிறகும் அதில் 5,840 தகடுகள் எஞ்சியிருக்கின்றன, எடை 118 கிலோ. அதை 1801இல் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனவர் அப்போதைய சென்னை ஆளுநர் கிளைவின் மனைவி. பிளாசிப் போர் கிளைவின் மருமகள் அவர்.

சாவிக்கொத்தில் ஒரு விண்வெளிப் பூச்சி

20,000 வளையச் சட்டை இன்னும் கனவாகத்தான் இருக்கிறது. இப்போதைக்கு அவன் செய்வது கைக்கு அடக்கமான பொருள்கள். அதில் எனக்கு மிகவும் பிடித்தது ஸ்பேஸ் இன்வேடர்ஸ் சாவிக்கொத்து. 1978இல் ஜப்பானில் வந்த விளையாட்டு அது. திரையில் வரிசை வரிசையாக இறங்கும் விண்வெளிப் பூச்சிகளைப் பார்த்தால் விளையாடாதவர்களுக்கும் அடையாளம் தெரியும்.

முதலில் ஐரோப்பிய முறையில் செய்து பார்த்திருக்கிறான். பூச்சி நசுங்கிப்போன நண்டு மாதிரி வந்தது. அந்தப் பின்னலில் வளையங்கள் சாய்ந்து படுத்து ஒன்றையொன்று மூடிக்கொள்வதால், சதுரக் கட்டத்தில் வரைந்த உருவம் அதில் சரியாக உட்காராது. பல இரவு மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு ஜப்பானிய 'நாலுக்கு ஒன்று' பின்னலைக் கண்டுபிடித்தான். அதில் பெரிய வளையங்கள் தரையில் நாணயம் பரப்பியது போலத் தட்டையாக, நேர் வரிசையில் படுத்திருக்கும். சின்ன வளையங்கள் செங்குத்தாக நின்று அவற்றை இணைக்கும். ஒரு பெரிய வளையம் என்பது திரையில் ஒரு புள்ளி.

பூச்சியின் அகலம் 11 புள்ளி, உயரம் 8 புள்ளி. ஆக 88 பெரிய வளையம். அதில் உருவத்துக்கு 46 பித்தளை, பின்னணிக்கு 42 அலுமினியம். இணைக்க 157 சின்ன வளையம். மொத்தம் 245. கணக்குப் பாடத்தில் கோட்டை விட்டதாக அக்காள் வருத்தப்படும் பையன், இந்தக் கணக்கை ஒரு பழைய காலண்டரின் பின்பக்கம் போட்டு வைத்திருந்தான். அக்காளிடம் அதைக் காட்டினேன். வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "இது அவன் கையெழுத்துதான்" என்று மட்டும் சொன்னாள்.

இதை விற்கலாமே என்ற யோசனை என்னுடையது. பக்கத்துத் தமிழ்ப்பள்ளியின் கேண்டீன் தினத்தில் ஒரு மேசை வாங்கினோம். சாவிக்கொத்து 12, கைச்சங்கிலி 9 வைத்தோம். பிள்ளைகள் மொய்த்துக்கொண்டார்கள். தொட்டுப் பார்த்தார்கள், காதருகே ஆட்டிப் பார்த்தார்கள், "இது மரியோவா? அது கிரீப்பரா?" என்று கேட்டார்கள். 15 ரிங்கிட் என்றதும் அம்மாமார்கள் நகர்ந்தார்கள். சாவிக்கொத்தில் ஏழு விற்றது.

அன்று இரவு உட்கார்ந்து உண்மையான கணக்கைப் போட்டோம். ஒரு சாவிக்கொத்துக்குப் பொருள் செலவு 3 ரிங்கிட். மிஞ்சுவது 12. வெட்டுவது முதல் கோத்து முடிப்பது வரை இரண்டரை மணி நேரம். மணிக்கு 4 ரிங்கிட் 80 சென். நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். மணிக்கணக்கில் 8 ரிங்கிட் 72 சென். கடையில் பொருள் அடுக்கினால் கிடைப்பதைவிட இது குறைவு.

இதை நான் ஏன் எழுதுகிறேன் என்றால், 'பொழுதுபோக்கு பணமாகிறது' என்று நானே எத்தனையோ முறை நிகழ்ச்சியில் சொல்லியிருக்கிறேன். எல்லாப் பொழுதுபோக்கும் பணமாகாது. வடமுனைச் சிலாங்கூரில் எங்கள் பெற்றோர் தலைமுறைக்குத் தோட்டத்து வேலை கஷ்டமானதாக இருந்தாலும், காலையில் பெரட்டுக்குப் போனால் பெயர் கூப்பிட ஆள் இருந்தது. இன்று ஈஜோக்கிலிருந்து சபாக் பெர்ணம் வரை தாமான்களில் வளரும் பிள்ளைகளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவர்களே ஒரு வழியைத் தேடிக்கொள்ள வேண்டும். அவர்களுக்குப் பொய்யான நம்பிக்கை கொடுத்து ஒரு மேசையைப் போட்டு உட்கார வைப்பது, ரேடியோவில் கிண்டல் செய்வதைவிட மோசம்.

"அப்ப இதுல உனக்கு என்னதான் கெடைக்குது?" என்று கேட்டேன். ஒலிப்பதிவுக் கருவி பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொன்னான். பிறகு சொன்னான்: "கேம்ல தோத்தா திரும்ப ஆரம்பிக்கலாம். அதனாலதான் எனக்குப் புடிக்கும். இதுவும் அப்படித்தான். தப்பா போட்டா அந்த ஒரு வளையத்த மட்டும் கழட்டிட்டு மறுபடி போடலாம். ஸ்கூல்ல அப்படி இல்லல்ல?"

குரங்கு வைத்த சோதனை

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் பொருள்களைப் படம் எடுக்கப் புக்கிட் மெலாவத்திக்குப் போனோம். கோட்டையும் பீரங்கியும் உள்ள இடம், கவசத்துக்குப் பொருத்தமாக இருக்கும் என்று நினைத்தோம். 1784இல் டச்சுக்காரர்கள் இந்தக் குன்றைப் பிடித்து, தங்கள் தலைமை ஆளுநர் பெயரால் அல்திங்ஸ்பர்க் என்று பெயர் வைத்தார்கள். அடுத்த வருடமே சுல்தான் இப்ராகிம் மீட்டுவிட்டார். பீரங்கியின் மேல் வலையை விரித்து வைத்தபோதுதான் இன்னொன்று உறைத்தது. சங்கிலிச் சட்டையின் காலத்தை முடித்து வைத்ததே இந்த மாதிரி வெடிமருந்து ஆயுதங்கள்தாம். வாளின் வெட்டைத் தாங்கும் வளையம் குண்டைத் தாங்காது.

நாங்கள் சரித்திரம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் நீண்டவால் குரங்கு ஒன்று வந்து ஒரு கைச்சங்கிலியைத் தூக்கிக்கொண்டு மதில்மேல் ஏறிவிட்டது. கடித்தது, இரண்டு கையாலும் இழுத்தது, மறுபடி கடித்தது. தின்கிற பொருள் இல்லை என்று தெரிந்ததும் எங்கள் மேலேயே வீசிவிட்டுப் போனது. எடுத்துப் பார்த்தோம். ஒரு வளையம்கூடப் பிரியவில்லை. அன்று முழுவதும் அவன் முகத்தில் இருந்த பெருமையை நான் எந்தப் பரிசளிப்பு விழாவிலும் பார்த்ததில்லை.

சங்கிலிச் சட்டை போர்க்களத்தை விட்டுப் போனாலும் வேலையை விட்டுப் போகவில்லை. இறைச்சி வெட்டுகிறவர்கள் இன்றும் எஃகு வளையக் கையுறை போடுகிறார்கள். சுறாவோடு நீந்துகிறவர்கள் போடும் உடையிலும் இதே வளையங்கள்தாம். நமக்கு அடுத்த வீடான சிங்கப்பூரில், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் கால்டெக்கும் சேர்ந்து 2021இல் ஓர் ஆய்வை வெளியிட்டன. முப்பரிமாண அச்சில் செய்த வளையப் பின்னலை ஒரு பையில் வைத்துக் காற்றை உறிஞ்சினால், துணி போலக் குழைந்து கிடந்தது 25 மடங்கு விறைப்பாகிவிடுகிறது. காற்றை விட்டால் மறுபடி துணி. எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடவும் பாதுகாப்பு உடைகளுக்கும் இது உதவலாம் என்கிறார்கள். இந்தச் செய்தியை அனுப்பியபோது நீலக் குறி விழுந்தது. இந்த முறை பதிலும் வந்தது: "இத எங்க படிக்கலாம் சித்தி?"

தொடங்க நினைப்பவர்களுக்கு

பிளையர் இரண்டு, வெட்டும் குறடு ஒன்று, 8 மி.மீ. கோல் ஒன்று, கம்பி ஒரு கிலோ. இவ்வளவுதான் முதலீடு. பிளையரின் உள்பக்கம் சொரசொரப்பாக இருந்தால் கம்பியில் பல் பதியும். மழமழப்பானது கிடைத்தால் நல்லது. கை பழகாதவர்கள் அலுமினியக் கம்பியில் தொடங்கலாம். இரும்பில் மூன்றில் ஒரு பங்கு எடைதான், வளைப்பதும் சுலபம்.

கம்பி வெட்டும்போது கண்ணாடி போடாமல் உட்காராதீர்கள். துண்டு எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது. டிரில்லில் கோலை மாட்டிக் கம்பி சுற்றுகிறவர்கள், சுற்றும் நேரத்தில் கையுறை போடக் கூடாது. சுழலும் கோல் துணியைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுத்துவிடும். கம்பியின் கடைசி முனை சாட்டை போல வீசும். என் இடது ஆள்காட்டி விரலில் அதற்கான தழும்பு இருக்கிறது. துத்தநாகப் பூச்சுள்ள கம்பியை நெருப்பில் காட்டவே கூடாது. அந்தப் புகை நுரையீரலுக்கு ஆகாது.

புதுக் கம்பி கையில் சாம்பல் நிறக் கறை ஒட்டும். தஞ்சோங் காராங் பக்கம் உமிக்குப் பஞ்சமில்லை. வளையங்களை உமியோடு மைலோ டின்னில் போட்டு மூடிக் குலுக்கினால் பெரும்பாலான கறை போய்விடுகிறது. அந்தக் காலத்தில் துருப்பிடித்த சட்டையை மணலோடு பீப்பாயில் போட்டு உருட்டிச் சுத்தம் செய்வார்களாம். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் சாதாரண இரும்புக் கம்பியைத் தவிர்த்துவிடுங்கள். உப்புக் காற்றில் ஒரு மாதம் தாங்காது.

வாய் சேர்ந்தது

இந்த வருடத் தொடக்கத்தில் ஒரு காலை, அதே நிகழ்ச்சியில், அதே நாற்பது விநாடியில், நான் முன்பு சொன்னது தவறு என்று சொன்னேன். இரவு முழுக்க கேம் விளையாடும் எல்லாப் பிள்ளைகளும் கவசம் செய்யப் போவதில்லை. தூக்கம் கெட்டால் உடம்பு கெடும் என்பதும் மாறாது. ஆனால் ஒரு கதவு மூடியிருக்கிறது என்பதற்காக உள்ளே ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. தட்டிக் கேட்டிருக்க வேண்டும். மைக்கில் சொல்லியிருக்கக் கூடாது. யாரைப் பற்றி என்று பெயர் சொல்லவில்லை. அவன் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான். இந்தக் கட்டுரையிலும் அவன் பெயர் இல்லை.

அக்காள் இன்னும் முழுதாகச் சமாதானம் ஆகவில்லை. அவனும் இரவில் விளையாடுவதை நிறுத்தவில்லை. உலோக வேலை கற்றுத் தரும் பயிற்சி மையம் ஒன்றின் விண்ணப்பப் பாரத்தை வாங்கி வைத்திருக்கிறான். நிரப்பி அனுப்புவானா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. கேட்டால் அது என் விண்ணப்பம் ஆகிவிடும்.

சட்டை இப்போது 3,400 வளையம் ஆகியிருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு நான் போய் உட்கார்ந்து என் பங்குக்குச் சில வரிசை கோத்துவிட்டு வருவேன். போன முறை முடித்து எழுந்தபோது அவன் வலையைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தான். என் வரிசையில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தான். ஓர் இடத்தில் நிறுத்தினான்.

"வாய் சேரல சித்தி."

உட்கார்ந்தேன். கழற்றிவிட்டு மறுபடி போட்டேன்.